காரின்ர பிழை

என் கணவருடைய தமையனாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் வீட்டுக்கு வந்திருக்கிறது. பளபளத்த தாள். முதல் பக்கத்தில் அவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஒரு காருக்குப் பக்கத்தில் நிற்கிற படம். தலைப்பாகையில் ஒரு பெரிய தூசிக் கண்ணாடி, அதற்குக் கீழே வரிசையாகப் பல். ‘அமெரிக்க மண்ணில் காரோட்டப் போட்டிகளில் ஓடிய முதல் தமிழன்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நாற்பது பக்கத்தையும் முடிக்க மூன்று நாள் எடுத்தது. மூன்று நாளும் சிரிப்பும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன.

அவரை நான் அத்தான் என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பெயரைப் போடமாட்டேன். போட்டால் அதுவும் அவருக்கு ஒரு விளம்பரமாகிவிடும்.

மலரில் எல்லோரும் புகழ்ந்துதான் எழுதியிருக்கிறார்கள். அதில் குறை இல்லை, செத்தவரைப் புகழத்தானே மலர் அடிக்கிறது. ஆனால் அவருடைய மகன் எழுதிய பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘எண்பத்து மூன்று வயதில் தெருமுனைத் தபால் பெட்டியை இடித்ததே அப்பாவின் மறதி நோய்க்கு முதல் அறிகுறி. அதோடு அவர் உயிராக நினைத்த லைசென்சும் பறிபோனது.’ அந்த வரியை அப்படியே விட எனக்கு மனமில்லை. அதற்காகத்தான் பேனை எடுத்தேன். ஆனால் அந்த வரிக்கு வருவதற்கு முன் ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அத்தான் தன் வாழ்க்கையில் ஒரு பிழையும் விடாதவர். இதை நான் சொல்லவில்லை, அவர்தான் சொல்வார். கையிலிருந்து கோப்பை விழுந்து உடைந்தால், அது வழுக்குகிற கோப்பை. சோறு குழைந்தால் அரிசியின் பிழை. பிந்தி வந்தால் மணிக்கூட்டின் பிழை. கார் என்று வந்தால் கேட்கவே தேவையில்லை. “காரின்ர பிழை” என்று அவர் சொல்கிற விதம் எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு கையையும் விரித்து, தலையை ஒரு பக்கம் சரித்து, பாவம் அந்தக் கார் இனித் திருந்தாது என்பதுபோலச் சொல்வார். இதற்கு எங்கள் ஊரில் சாட்டு என்று பெயர்.

அமெரிக்காவில் அவர் ஓடிய ஓட்டங்களைப் பற்றி நான் நூறு தடவை கேட்டிருப்பேன். பிறந்தநாள் வீடு, பெண் பெரியவளானால் வைக்கிற சாமத்திய வீடு, பழைய வீட்டை விற்றுப் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிற வீடு, எங்கே போனாலும் ஒரு கதிரையை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். இருபது வயதில் காரைநகரிலிருந்து கப்பலில் வேலைக்குப் போனவர். அமெரிக்காவில் ஒரு துறைமுகத்தில் இறங்கினார், திரும்பிக் கப்பலில் ஏறவில்லை. ஒரு கராச்சில் கார் கழுவினார். கராச் முதலாளிக்குப் போட்டியில் ஓடுகிற கார் ஒன்று இருந்தது. அதை ஓட்டுகிறவனுக்குத் தோள்பட்டை முறிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவரைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். வட்டமாக ஒரு மண் பாதை, சுற்றிவரப் பலகையில் சனம், இருபது காரும் கிளப்புகிற புழுதி. அந்த ஊரின் பெயர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மாறும். அதை நான் ஒருமுறை சுட்டிக்காட்டினேன். “அமெரிக்காவில ஊருகள் கிட்டக் கிட்டப் பிள்ளை” என்றார்.

ஆறு ஏழு வருடம் ஓடினார். ஒருநாளும் முதலாவதாக வரவில்லை. ஆனால் ஒருநாளும் தோற்கவும் இல்லை. ஒருமுறை ரயர் தோற்றது. ஒருமுறை கொடி காட்டுகிறவன் கொட்டாவி விட்டுப் பிந்திக் காட்டினான். ஒருமுறை முதல் நாள் பெய்த மழை. ஒரு தடவை இரண்டாவதாக வந்தாராம். அந்தக் கதையைத் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும். கடைசிச் சுற்றில் இயந்திரம் ஒருமுறை இருமியது, அந்த ஒரு இருமலில் முதலாம் இடம் போனது. சின்னப் பிள்ளைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு, கடைசியில் அவரோடு சேர்ந்து “காரின்ர பிழை” என்று கத்துவார்கள். அவர் அதைக் கைதட்டாக எடுத்துக்கொள்வார்.

தலைப்பாகைக் கதை இன்னும் மோசம். போட்டி நடத்துகிறவன் இவரை ‘இந்திய மகாராசா’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தானாம். தலைக்கவசத்துக்கு மேலே பட்டுத்துணி சுற்றிவிட்டு, ஓட்டம் தொடங்க முன் சனத்துக்குக் கும்பிடு போடச் சொன்னானாம். இவரும் போட்டார். காரைநகரில் தகப்பன் சுருட்டுக்கடை வைத்திருந்தார், அங்கே மகன் மகாராசா. அந்தப் படத்தை ஊருக்கு அனுப்ப, என் மாமியார், பிள்ளை வேறு சமயத்துக்குப் போய்விட்டது என்று மூன்று வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தாராம்.

நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்குக் குடிவந்த பிறகு, ஒஷாவா என்கிற ஊரில் ஒரு கோடையில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டுகிற விழாவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தடி ஊன்றிக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவனுக்கு அந்தப் படத்தைக் காட்டினார். கிழவன் படத்தைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், “மகாராஜா!” என்று கத்திக்கொண்டு குனிந்து ஒரு கும்பிடு போட்டான். சின்ன வயதில் பலகையில் இருந்து பார்த்தவனாம். ஓடியது உண்மைதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அத்தான் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார், தலைப்பாகை இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

வரும் வழியில் கேட்டேன். “வெக்கமா இல்லையோ அத்தான், கோமாளி மாதிரி வேசம் கட்டினது?”

“பிள்ளை, உவங்கள் அந்த நாளையில கறுப்பனுக்குக் கார் குடுக்கமாட்டாங்கள். மகாராசாவுக்குக் குடுப்பாங்கள். எனக்குக் கார் வேணும்.”

அதுவும் ஒரு சாட்டு என்றுதான் நினைத்தேன்.

எனக்கு அவர்மேல் இவ்வளவு இளக்காரம் ஏன் என்று கேட்பீர்கள். என் கலியாணத்தைச் சொல்கிறேன். மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்குக் கூட்டி வருகிற கார், வாடகைக் கார். ஓட்டுவதற்கு ஆளும் காரோடு வந்தது. ‘என்ர தம்பியின்ர கலியாணத்துக்கு இன்னொருவன் ஓட்டுறதோ’ என்று அத்தான் அந்த ஆளை இறக்கிவிட்டுத் தானே ஏறிக்கொண்டார். அமெரிக்காவிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் மணவறையில் இருக்கிறேன். ஐயர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். மேளம் வாசித்து வாசித்து ஓய்ந்துவிட்டது. நல்ல நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை நடந்து வருகிறார், முழங்கால் வரைக்கும் சேறு, தலைப்பா ஒரு பக்கம். வயல் திருப்பத்தில் கார் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. பின்னால் அத்தான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

“மாமி, காரின்ர பிழை.”

என் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “கார் தானாவோ தம்பி ஓடி வந்தது?”

நேரம் தப்பித்தான் எனக்குத் தாலி ஏறியது. என் மனுசன் நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அத்தான் ஒருநாள், ஒரே ஒருநாள், “பிழைதான் பிள்ளை” என்று சொல்லியிருந்தால் எனக்குப் போதும். செத்த வீட்டிலும் சொல்லவில்லை. டொக்டரின் பிழை என்றார்.

இனித் தபால் பெட்டிக்கு வருகிறேன்.

நான் ஸ்ரௌவ்வில் என்கிற ஊரில் மகளோடு இருக்கிறேன். புதுத் தெருக்கள், எல்லா வீடும் ஒரே முகம். கார் இல்லாவிட்டால் பால் போத்தல்கூட வாங்க முடியாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் வியாழக்கிழமையே மகளிடம் சொல்லி வைக்க வேண்டும். “அம்மா, வெயிற் பண்ணுங்கோ, மீற்றிங்” என்பாள். மருமகன் நல்லவர், கார்த் திறப்பை எடுக்கும்போது ஒரு பெருமூச்சு மட்டும் விடுவார். வாழ்க்கையில் ஒருவரிடமும் கை நீட்டாதவள் நான். அந்தப் பெருமூச்சைக் கேட்டுக் கேட்டு எழுபத்து மூன்றாவது வயதில் முடிவெடுத்தேன், நானே ஓட்டுவது என்று.

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “காரில கை வைச்சால் பிறகு தெரியும், அம்மா” என்றாள்.

அத்தான் நாலு தெரு தள்ளி மகனோடு இருந்தார். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டார். அவரிடம் ஒரு சாம்பல் நிறக் காரும் நிறைய நேரமும் இருந்தன. வேறு வழியில்லாமல்தான் அவரிடம் போனேன். எழுத்துச் சோதனையை இங்கே தமிழிலேயே செய்யலாம். நான் இரண்டு தடவை செய்தேன். அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். முதல் தடவை பெயிலானபோது, “கேள்வியின்ர தமிழ் சரியில்லைப் பிள்ளை” என்றார். பாஸானதும், பக்கத்தில் அவர் இருக்க நான் ஓட்டிப் பழகலாம் என்ற அனுமதி கிடைத்தது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மகள் வேலைக்குப் போனதும், இன்னும் வீடு கட்டாத வெறும் தெருக்களில் நாங்கள் இரண்டு பேரும் சுற்றுவோம்.

இப்படி ஒரு வாத்தியாரை நான் கண்டதில்லை. நான் நடைபாதையில் ஏற்றினால், நடைபாதை உயரம் கூட. ஒருநாள் மண் குவியலுக்குள் கொண்டுபோய் விட்டேன்.

“அத்தான், பிறேக்கெண்டு நினைச்சு மற்றதை மிதிச்சுப்போட்டன்.”

“இல்லைப் பிள்ளை. உந்தப் பிறேக் கொஞ்சம் பிந்தித்தான் பிடிக்கும்.”

“நான் பிறேக்கில காலே வைக்கேல்லை.”

“வைச்சிருந்தாலும் பிந்தித்தான் பிடிச்சிருக்கும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. “எனக்கு உங்கட சாட்டு வேண்டாம் அத்தான். பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுங்கோ, நான் திருத்திறன்.” அவர் காதில் விழவில்லை. இறங்கிப் போய் ரயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, “காத்துக் குறைவு” என்றார். ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னை ஒருநாளும் ஏசவில்லை. ஏசுவதற்கு அவருக்கு ஒரு பிழை வேண்டும், அந்தக் காருக்கு வெளியே அவருக்குப் பிழையே தெரியாது.

றோட்டுச் சோதனைக்கு நாள் எடுத்துவிட்டோம். அதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் வீட்டு வாசல் வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். எனக்குத் திமிர். அந்தத் தெருமுனையில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு இரும்புத் தபால் பெட்டி, அலுமாரி அளவில் நிற்கும். திருப்பத்துக்கு வந்தபோது எதிரே ஒரு நீல வான் வண்டி. மகளுடைய வான். வேலையிலிருந்து வந்துவிட்டாள், என்னைக் கண்டுவிட்டாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கால் எங்கே போனதென்று தெரியாது. கார் புல்லில் ஏறி, பெட்டியை இடித்து, அதைச் சரித்துவிட்டுத்தான் நின்றது. வான் எங்களைத் தாண்டிப் போனது. அது மகளுடையது இல்லை. அதே நிறம், அவ்வளவுதான்.

பெட்டியின் கதவுகள் பிளந்து தெருச் சனத்தின் கடிதமெல்லாம் புல்லில் பறக்கிறது. என் கை ஸ்ரியறிங்கை விடவில்லை. அத்தான் அந்தப் பக்கத்தால் இறங்கி, காரைச் சுற்றி நடந்து வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“இறங்கும்.”

“அத்தான்...”

“இறங்கி அங்கால போய் இரும் பிள்ளை. வாயைத் திறக்காதையும்.”

அவர் சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, தன் கால் நீளத்துக்குச் சரிசெய்து, இருந்தார். பிறகுதான் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பொலிஸ் வந்தது, மெல்லிய ஒரு இளம் பெண். நான் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு கையையும் விரிப்பார், தலையைச் சரிப்பார், அந்தச் சாம்பல் நிறக் காரை ஆங்கிலத்தில் திட்டுவார் என்று. அவர் கையை விரிக்கவில்லை. ஸ்ரியறிங்கிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

“மை ஃபோல்ட்.”

எனக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த இரண்டு சொல்லும் தெரியும்.

ஒரு மாதம் அந்தத் தெருச் சனம் கடிதம் எடுக்கத் தபால் கந்தோருக்குக் கார் ஓடியது. எல்லோருக்கும் மகாராசாவில் கோபம், அதைவிடப் பகிடி. கோயிலில் அன்னதானத்துக்கு இருந்தபோது ஒரு பெண் கேட்டாள், “என்னவாம் அன்ரி, உங்கட அத்தான் தபால் பெட்டியோட ரேஸ் ஓடினவராம்?”

“ஓம். அதிலயும் ரெண்டாவதாத்தான் வந்தவர்” என்றேன்.

பந்தி முழுக்கச் சிரித்தது. அந்தப் பகிடியை ஆர் முதலில் சொன்னதென்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். சொன்னது நான்தான்.

அடுத்த கிழமை அத்தானின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். முகம் வெளிறியிருந்தது.

“சித்தி, அப்பாவுக்கு ஏதோ செய்யுது.”

“என்னடா தம்பி?”

“பிழை தன்ரயெண்டு சொல்லுறார். பொலிசுக்குச் சொன்னவர், சரி, பயத்தில சொன்னாரெண்டு விட்டன். வீட்டிலயும் அதையே சொல்லுறார். கார்ல ஏதும் பிழையோ அப்பா எண்டு நானே கேட்டன் சித்தி, இல்லையாம். அப்பா எப்பவாவது அப்பிடிச் சொல்லிக் கேட்டிருக்கிறியளோ?”

“இல்லை” என்றேன். அது உண்மை.

“அதுதான். மூளையில ஏதோ பிசகியிட்டுது. டொக்டரிட்டக் கொண்டு போறன்.”

டொக்டர், எப்படி இடித்தீர்கள் என்று கேட்டாராம். அத்தானுக்குச் சொல்லத் தெரியவில்லை. பொலிசுக்கு வெயில் கண்ணில் அடித்தது என்று சொன்னவர், இன்சூரன்சுக்குக் கால் வழுக்கினது என்று சொன்னவர், டொக்டரிடம் தும்மல் வந்தது என்றாராம். விடாத பிழைக்கு அவர் எங்கே போய்க் கதை தேடுவார்? விட்ட பிழையையே ஒருநாளும் ஒப்புக்கொண்டு பழகாத மனுசன். மூன்று பேருக்கு மூன்று கதை சொன்னால் டொக்டர் என்ன நினைப்பார்? மறதியைச் சோதிக்க ஒரு மணிக்கூட்டை வரையச் சொன்னாராம். அமெரிக்காவில் முறிந்து வளைந்துபோன மணிக்கட்டால் இவர் வரைந்தது முட்டை மாதிரி இருந்ததாம். அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. லைசென்ஸ் போனது. மகன் காரை விற்றுவிட்டான்.

ஒரு வார்த்தை போதும். ‘தம்பி, ஓட்டினது நான்’ என்று அந்த வாசலில் வைத்தே சொல்லியிருக்கலாம். சோதனைக்கு மூன்று கிழமை இருந்தது. மகளின் முகமும் மருமகனின் பெருமூச்சும் கண்ணுக்கு முன்னால் வந்தன. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றுதான் சொன்னேன்.

மீதி வகுப்பைக் காசு கொடுத்து ஒரு பெண்ணிடம் படித்தேன். அவள் நன்றாக ஏசினாள். சோதனையில் முதல் தடவையே பாஸ். மகள் வாயைப் பிளந்தாள். இரண்டு மாதத்தில் பேரப்பிள்ளைகளை நீச்சலுக்கு ஏற்றி இறக்குகிற வேலையும் எனக்கே வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அத்தானையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பட்டியைப் போட்டுக்கொண்டு பக்கத்துச் சீற்றில் மகாராசா மாதிரி இருப்பார். நான் பள்ளத்தில் விட்டால் றோட்டின் பிழை. சிவப்பு விளக்கில் பிந்தி நின்றால் விளக்கின் பிழை. ஒரு திருப்பம், ஒரு தெருப் பெயர் அவருக்கு மறந்ததில்லை. மறதி நோய் என்று மலரில் எழுதியிருக்கிறார்கள். டொக்டர்மாருக்குத் தெரிந்திருக்கும். என் காரில் அது ஏறியதில்லை. கடைசியில் அவர் போனதும் நெஞ்சு வலியில்தான்.

ஒரே ஒருமுறை கேட்டேன். கோயில் பார்க்கிங் லொட்டில், காரை நிறுத்திவிட்டு, முன்னால் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

“ஏன் அத்தான் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?”

அவர் பட்டியைக் கழற்றினார்.

“எல்லாரும் சொல்லுகினம், ஒருக்காச் சொன்னால் எப்பிடியிருக்குமெண்டு சொல்லிப் பாத்தன் பிள்ளை.”

“எப்பிடி இருந்தது?”

“நல்லாயில்லை.”

கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டார். என் கலியாணத்துச் சேற்றைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை.

அவர் ஒரு புளுகர் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஊர் பெயர் மாற்றிச் சொன்னவர், தலைப்பாகை கட்டினவர், தோற்ற ஓட்டத்துக்கெல்லாம் சாட்டுச் சொன்னவர். சாகும் வரைக்கும் நிறுத்தாமல் சொன்ன ஒரு பொய்யை மட்டும் மகன் உண்மையென்று நம்பி அச்சில் ஏற்றிவிட்டான்.

தம்பி, இதை நீ வாசிப்பாய். உன் அப்பாவுக்கு அன்றைக்கு மூளை நன்றாகத்தான் இருந்தது. ஓட்டியது நான். பிறேக் பிந்தவில்லை, நான் மிதிக்கவில்லை. ரயர் நாலும் புதிது. வெயிலும் இல்லை, தும்மலும் இல்லை. காரில் ஒரு பிழையும் இருக்கவில்லை.